ஆங்கில உறுதிச் சொற்களும் தமிழின் தேற்றமும்: பழனி மலையிலிருந்து சில எடுத்துக்காட்டுகள்

ஒரு செய்தி உண்மை என்றோ, ஒரு நிகழ்வு நடந்தே தீரும் என்றோ அழுத்திச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். சர்ட்டன், ஷ்யூர், டெஃபனிட்லி, மஸ்ட், பௌண்ட் டு, நோ டவுட், இனெவிட்டபிள், அனவாய்டபிள் என்று பட்டியல் நீளும். இவற்றைத் தமிழாக்கும் மாணவர்களும், மொழிபெயர்ப்பாளர்களும், திரைப்பட மொழிமாற்றம் செய்வோரும் பெரும்பாலும் இரண்டே சொற்களோடு நின்றுவிடுகின்றனர். ஒன்று ‘நிச்சயமாக’, மற்றொன்று ‘தவிர்க்க முடியாத’. ஆங்கிலத்தில் வெவ்வேறு வேலை செய்யும் பத்துச் சொற்கள் தமிழில் இந்த இரண்டு அச்சுகளில் வார்க்கப்படுகின்றன.

தமிழில் சொல் போதவில்லை என்று இதற்குக் காரணம் கூறுவோர் உண்டு. அது சரியன்று. உறுதியைச் சொல்லும் வழிகள் தமிழில் பல. ஆனால் அவை பெரும்பாலும் தனிச் சொற்களாக நிற்பதில்லை. வினையின் ஈற்றிலும், இடைச்சொல்லிலும், கால வடிவத்திலும் தங்கியிருக்கின்றன. அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடுபவரின் கண்ணுக்கு அவை படுவதில்லை. இதனால் மொழி நயம் குறைவதோடு இன்னொரு இழப்பும் நேர்கிறது. ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது எந்த ஆதாரத்தை நம்பிச் சொல்கிறார் என்பதும் மறைந்துவிடுகிறது. இக்கட்டுரை அந்த இழப்பைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கொடைக்கானலையும் அது அமைந்துள்ள பழனி மலைத்தொடரையும் சார்ந்தவை.

சொற்களின் வேர்

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு எண்ணத்திலிருந்து வந்தது தெரியும். ‘சர்ட்டன்’ என்பதன் மூலம் இலத்தீன். பிரித்தெடுத்தல், சலித்தெடுத்தல் என்ற பொருளுள்ள வினையோடு அது தொடர்புடையது. சல்லடையில் சலித்தபின் நிற்பதே உறுதியானது. ‘ஷ்யூர்’ என்பதும் இலத்தீன் வழிவந்ததே. கவலையற்ற நிலை என்பது அதன் பழைய பொருள். ‘செக்யூர்’ என்ற சொல் அதன் உடன்பிறப்பு. ‘பௌண்ட்’ என்றால் கட்டுண்டது. ‘இனெவிட்டபிள்’ என்றால் விலக்க இயலாதது. ஆகவே முதற்சொல் ஆராய்ச்சியையும், இரண்டாவது மனநிலையையும், மூன்றாவது பிணைப்பையும், நான்காவது தப்ப வழியின்மையையும் காட்டுகின்றன.

தமிழிலும் இப்படித்தான். ‘திண்ணம்’ என்பது திண்மையிலிருந்து வந்தது. கெட்டிப்பட்ட பொருள் அசையாது என்ற எண்ணம் அதில் உள்ளது. ‘உறுதி’யிலும் அதே வலிமை இருக்கிறது. வடமொழி வழிவந்த ‘நிச்சயம்’ முடிவு செய்யப்பட்டதைக் குறிக்கும். அதனால்தான் திருமணத்தை முடிவு செய்யும் சடங்குக்கு நிச்சயதார்த்தம் என்று பெயர்.

இவற்றுள் மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய சொல் ‘தேற்றம்’. கணக்குப் பாடத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று படிக்கிறோமே, அதே சொல்தான். ‘தேறு’ என்றால் தெளிதல். நோயாளி தேறினார் என்கிறோம். தேர்வில் தேறினான் என்கிறோம். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். பானையின் உட்புறத்தில் அதை உரைத்துவிட்டு நீரை ஊற்றினால் வண்டல் மெல்ல அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். தேற்றம் என்பது முதலிலேயே இருந்த உறுதி அன்று. கலக்கம் இருந்து, அது நீங்கியபின் கிடைத்த உறுதி. ஆங்கிலச் ‘சர்ட்டன்’ என்பதன் சல்லடையும் தமிழ்த் தேற்றாங்கொட்டையும் ஒரே கருத்தின் இரு உருவங்கள்.

இலக்கணம் கூறும் உறுதி

தொல்காப்பியம் இடைச்சொற்களைப் பற்றிப் பேசும்போது ஏகாரத்திற்கு ஐந்து பொருள் கூறுகிறது. அவற்றுள் ஒன்று தேற்றம். நன்னூலும் ஏகாரப் பொருள்களில் தேற்றத்தைச் சேர்க்கிறது. ‘மன்ற’ என்ற இடைச்சொல் தேற்றப் பொருளில் வரும் என்றும் தொல்காப்பியம் தனியே சொல்கிறது. அது இன்று வழக்கொழிந்தது, ஏகாரம் வாழ்கிறது. “நானே பார்த்தேன்” என்பதில் பிரித்துக் காட்டுகிறது. “உண்மையே” என்பதில் தேற்றம் தருகிறது. இக்காலத்தில் ‘தான்’ என்பதும் அந்த வேலையில் பங்கு பெற்றுள்ளது: “அவனேதான்.”

இதைவிட நுட்பமானது கால வடிவம். இனி நடக்கப் போவதை நடந்துவிட்டதாகச் சொல்லும் வழக்கத்தை இரு நூல்களும் குறிப்பிடுகின்றன. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் வேறொரு காலமாக மயங்கி வரலாம் என்று நன்னூல் வகைப்படுத்துகிறது. தெளிவுக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு எல்லோரும் அறிந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால், மழை இன்னும் வராதபோதே ‘மழை பெய்தது’ என்பார்கள். இன்றும் மலைக்கிராமத்தில் கருமேகம் எதிர்ச்சரிவில் இறங்குவதைப் பார்த்ததும், துணி காயப்போட்டவர்கள் “மழை வந்துருச்சு!” என்று ஓடுவதைக் காணலாம். ஒரு துளிகூட விழுந்திருக்காது. நிச்சயமாக என்ற சொல்லும் அங்கே இல்லை. இறந்த காலமே உறுதியைச் சுமக்கிறது. சொன்னவர் கண்ணால் கண்ட அடையாளமே அதற்கு ஆதாரம்.

மூன்று முன்னறிவிப்புகள்

உறுதியில் படிகள் உண்டு. பழனி மலையில் நின்று மூன்று முன்னறிவிப்புகளை ஒப்பிட்டால் இது விளங்கும்.

முதலாவது, கிரகணம். கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வகம் நூற்றாண்டைக் கடந்தது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நகரும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். இன்றும் அந்த விளைவுக்கு அவர் பெயரே வழங்குகிறது. 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் திண்டுக்கல் வட்டாரத்தில் தெரிந்தது. அடுத்து 2031 மே 21 அன்று ஒரு வளைய கிரகணத்தின் பாதை மதுரை வழியாகச் செல்லும். இது கணக்கு. நாளும் நேரமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டவை.

இரண்டாவது, குறிஞ்சி. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும். கொடைக்கானல் சரிவுகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்தது 2030. இது கணக்கன்று, திரும்பத் திரும்பப் பார்த்து அறிந்த முறை. இடையிடையே சில சரிவுகளில் வேறு ஆண்டுகளிலும் பூப்பதுண்டு. எனவே இதன் உறுதி கிரகணத்தின் உறுதியைவிட ஒரு படி கீழே.

மூன்றாவது, மழை. நாளை கொடைக்கானலில் கனமழை பெய்யுமா என்பதற்கு வானிலை ஆய்வு மையம் தருவது வாய்ப்பு மட்டுமே. கனமழை என்பதற்கு அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. மழை எவ்வளவு என்பதை இப்படி அளந்து சொல்லலாம். வருமா என்பதைப் படி வைத்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றையும் “நிச்சயமாக நிகழும்” என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கிரகணத்துக்கு அந்த அடைமொழி தேவையே இல்லை. நாளை மறுநாள் நிச்சயமாக ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் சொல்வதில்லை. குறிஞ்சிக்கு அது சற்று மிகை. மழைக்கு அது பொய். தமிழின் இயல்பான வடிவங்களோ மூன்றையும் தானாகவே பிரித்துவிடுகின்றன. “மே 21 அன்று கிரகணம்” என்பது வினையே இல்லாத வாக்கியம். நாட்காட்டிச் செய்திபோல் நிற்கிறது. “2030இல் குறிஞ்சி பூக்க வேண்டும்” என்பதில் ‘வேண்டும்’ கட்டளை அன்று. முறைப்படி வர வேண்டியது என்ற பொருள். “நாளை மழை பெய்யலாம்”, “பெய்யக்கூடும்”, “வரும்போல் இருக்கிறது” என்பவை ஐயத்துக்கு இடம் விட்டுச் சொல்பவை. இவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ‘வரும்போல் இருக்கிறது’ என்பவர் வானத்தைப் பார்த்துச் சொல்கிறார். ‘பெய்யலாம்’ என்பவர் பார்க்காமலும் சொல்லலாம்.

அளவு வைத்த சொற்கள்

ஆங்கிலத்திலும் இந்தப் படிகளைச் சாதாரணப் பேச்சில் எல்லோரும் பேணுவதில்லை. அதனால்தான் பருவநிலை மாற்றம் பற்றிய ஐ.பி.சி.சி. என்னும் பன்னாட்டு அறிஞர் குழு தன் அறிக்கைகளில் சொற்களுக்கு எண் வைத்தது. ‘லைக்லி’ என்றால் 66 விழுக்காடு அல்லது அதற்கு மேல். ‘வெரி லைக்லி’ என்றால் குறைந்தது 90. ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ என்றால் குறைந்தது 95. ‘வர்ச்சுவலி சர்ட்டன்’ என்றால் குறைந்தது 99.

இந்த அளவுகோலின் பயன் அறிக்கைகளை வரிசையாக வைத்தால் புரியும். 20ஆம் நூற்றாண்டின் பின்பாதி வெப்ப உயர்வுக்கு மனிதச் செயல்பாடு முக்கியக் காரணமா என்ற கேள்விக்கு 2001 அறிக்கை ‘லைக்லி’ என்றது. 2007இல் அது ‘வெரி லைக்லி’ ஆயிற்று. 2013இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’. 2021இல் மனிதனால் வெப்பம் உயர்ந்தது என்பது மறுக்க இடமற்றது என்ற பொருளுள்ள சொல்லுக்கு வந்தது. இருபது ஆண்டுகளில் நீர் எப்படித் தெளிந்தது என்பதன் பதிவு இது. நான்கு அறிக்கைகளையும் “மனிதனே காரணம் என்பது உறுதி” என்று தமிழாக்கினால் வாசகருக்கு முடிவு மட்டும் கிடைக்கும். தெளிந்த வழி கிடைக்காது. முடிவு மட்டும் கிடைத்தவர், நாளை வேறொருவர் அதைவிட உரக்க மறுத்தால் எதைக் கொண்டு எதிர்நிற்பார்? ‘வாய்ப்பு உண்டு’, ‘வாய்ப்பு மிகுதி’, ‘ஏறக்குறைய உறுதி’, ‘ஐயத்துக்கு இடமில்லை’ என்று நான்கு படிகளைத் தமிழில் எளிதாகவே அமைக்கலாம். சொல் இருக்கிறது, பேணுவதற்கு வேண்டிய கவனமே குறைவு.

கூட்டினால் குறையும் உறுதி

உறுதிச் சொல்லைச் சேர்த்தால் உறுதி கூடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பல இடங்களில் நேர்மாறாக நடக்கிறது. “அவர் வீட்டில் இருக்கிறார்” என்பது தெரிந்து சொல்வது. ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்தில் ‘மஸ்ட்’ என்பதைச் சேர்த்தால், வாசலில் செருப்பு கிடக்கிறது, விளக்கு எரிகிறது, ஆகவே இருக்க வேண்டும் என்று ஊகித்துச் சொல்வதாகிவிடும். சொல் வலிமையானது, கூற்று பலவீனமானது. இந்த ‘மஸ்ட்’ என்பதை ‘நிச்சயமாக’ என்று மொழிபெயர்ப்பது பொருளைத் தலைகீழாக்கும்.

வத்தலக்குண்டிலிருந்து காலையில் கிளம்பிய ஒருவரைப் பற்றி, “இந்நேரம் கொடைக்கானல் போய்ச் சேர்ந்திருப்பார்” என்கிறோம். ஆங்கில ‘மஸ்ட் ஹேவ்’ என்ற அமைப்புக்கு மிகப் பொருத்தமான தமிழ் அந்த ‘-இருப்பார்’ தான். “அவர் நிச்சயமாக இந்நேரத்தில் சென்றடைந்திருக்க வேண்டும்” என்று எழுதினால் இரண்டு குறை. ஒன்று, ஊகம் உண்மைபோல் ஆகிறது. இரண்டு, ‘சென்றடைந்திருக்க வேண்டும்’ என்பது சேர வேண்டியவர் சேரவில்லையே என்ற குறைகூறலாகவும் ஒலிக்கும்.

பேச்சிலும் இதே கதைதான். திருமணப் பத்திரிகை கொடுக்கும்போது “கண்டிப்பா வந்துடுறேன் மாமா” என்று சொன்னவரைவிட, “முதல் நாள் ராத்திரியே வந்துடுறேன், பந்தி வேலையை நான் பார்த்துக்குறேன் மாமா” என்று சொன்னவரை நம்பலாம். முன்னவர் உறுதிச் சொல்லைக் கொடுத்தார். பின்னவர் விவரத்தைக் கொடுத்தார். அடித்துச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள், நடக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்பவையெல்லாம் கேட்பவர் ஐயப்படுகிறார் என்று தெரிந்தபின் வருபவை. ஐயம் இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

ஆங்கில ‘நோ டவுட்’ என்பதும் பல வேளைகளில் விட்டுக்கொடுத்துப் பேசும் தொடர். “நோ டவுட், அவன் கெட்டிக்காரன், ஆனால்…” என்பதில் அழுத்தம் ‘ஆனால்’ என்பதற்குப் பின்னுள்ள பகுதியில். இதை “அவன் கெட்டிக்காரன் என்பதில் ஐயமில்லை” என்று தொடங்கினால் பாராட்டுரை ஆகிவிடும். “கெட்டிக்காரன்தான், ஆனால்…” என்று ஒரு ‘தான்’ போட்டால் போதும். அதேபோல் ஒரு பொருளைக் கேட்டதற்கு ஆங்கிலத்தில் ‘ஷ்யூர்’ என்று சொல்லிக் கொடுப்பதை, மொழிமாற்றுப் படங்களில் “நிச்சயமாக!” என்கிறார்கள். உப்பைக் கேட்டால் “இந்தாங்க” என்பதே தமிழ். உதவி கேட்டால் “அதுக்கென்ன, செஞ்சிடலாம்” என்போம். “பின்னே? வராம இருப்பேனா?” என்ற கேள்வி ஆங்கிலத்தின் ‘ஆஃப் கோர்ஸ்’ செய்யும் வேலையை அதைவிட நன்றாகச் செய்கிறது.

கட்டாயமும் கண்டிப்பும்

வேறொரு குழப்பம் கட்டளைக்கும் உறுதிக்கும் இடையில் உள்ளது. “கட்டாயம் வருவேன்” என்பதில் கட்டாயம் வாக்குறுதி. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. “இ-பாஸ் கட்டாயம்” என்பதில் கட்டாயம் சட்டம். “கண்டிப்பா வரேன்” என்பதில் அன்பு. “உள்ளே நுழைய கண்டிப்பாக அனுமதி இல்லை” என்பதில் அதிகாரம். ஒரே சொல் வீட்டில் ஒரு வேலையும் பலகையில் ஒரு வேலையும் செய்கிறது.

ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’, ‘ஷல்’ ஆகியவற்றுக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு என்பதால் அவர்கள் சட்டத்தில் சொற்களை வரையறுத்தே பயன்படுத்தினர். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் இதற்கு நல்ல சான்று. நீதிமன்றம் ஒன்றை அனுமானித்துக் கொள்ளலாம் என்பது ஒரு படி. அனுமானித்தே ஆக வேண்டும், மறுப்புச் சான்று வரும்வரை என்பது அடுத்த படி. முடிவான சான்று, அதை மறுக்க இடமில்லை என்பது மூன்றாம் படி. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. இங்கே ‘-லாம்’ என்பதற்கும் ‘-தே ஆக வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒருவரின் சொத்தோ விடுதலையோ தங்கியிருக்கலாம். வினையீறு சிறியது, அதன் விளைவு சிறியதன்று.

‘இல்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும்

அதே சட்டம் இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. அது மெய்ப்பிக்கப்பட்டது, பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது என்ற இரண்டோடு நிற்கவில்லை. மெய்ப்பிக்கப்படாதது என்ற மூன்றாவது நிலையையும் வைத்தது. மெய்ப்பிக்கப்படாதது பொய் ஆகிவிடாது. அன்றாட எழுத்தில் நாம் அடிக்கடி தொலைப்பது இந்த மூன்றாவது நிலையைத்தான்.

கொடைக்கானல் மக்கள் இதன் விலையை அறிவார்கள். இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இங்கே இயங்கியது. பாதரசம் கலந்த கழிவு பழைய பொருள் கடைக்குப் போனது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் அதை வெளிப்படுத்தின. ஆலை மூடப்பட்டது. பாதரசம் தங்கள் உடல்நலத்தைக் கெடுத்தது என்று முன்னாள் தொழிலாளர்கள் கூறினர். பல வல்லுநர் ஆய்வுகளில் அப்படிப் பாதிப்பு நேர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக, மனிதாபிமான அடிப்படையில் என்று கூறி உடன்பாடு ஏற்பட்டது.

யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. மொழி மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. “பாதிப்பு இல்லை” என்பது ஒரு வாக்கியம். “பாதிப்புக்குச் சான்று கிடைக்கவில்லை” என்பது வேறு வாக்கியம். முன்னது உடலைப் பற்றியது. பின்னது தேடலைப் பற்றியது: யார் தேடினார், எப்போது தேடினார், எதை அளந்தார் என்ற கேள்விகளை அது திறந்து வைக்கிறது. ஆங்கில அறிக்கையில் பின்னது இருக்க, தமிழில் முன்னது வந்தால், அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமையைத் தமிழ் வாசகரிடமிருந்து மொழிபெயர்ப்பாளர் எடுத்துவிடுகிறார். எதிர்த்திசையிலும் இது பொருந்தும். “பாதித்திருக்கலாம்” என்ற அறிக்கையைப் “பாதித்தது உறுதி” என்று எழுதுவதும் அதே தவறு. ஆர்வத்தால் செய்தாலும் தவறு தவறுதான்; மறுநாள் எதிர்த்தரப்பு அந்த மிகையைப் பிடித்துக்கொண்டு உண்மையான பகுதியையும் தள்ளிவிடும்.

தவிர்க்க முடியாதது எது?

இனி ‘இனெவிட்டபிள்’. உறுதி என்பது சொல்பவரின் அறிவைப் பற்றியது. தவிர்க்க முடியாமை என்பது நிகழ்வின் தன்மையைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. நேற்று நடந்தது எனக்கு உறுதியாகத் தெரியும். அதனால் அது தவிர்க்க முடியாததாக இருந்தது என்று ஆகாது. மரணத்தையும் வரியையும் தவிர இவ்வுலகில் உறுதியானது எதுவுமில்லை என்ற கருத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1789இல் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அந்த நகைச்சுவையே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மரணம் இயற்கையின் ஏற்பாடு. வரி அரசின் ஏற்பாடு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதால் சிரிப்பு வருகிறது.

தமிழ் மரபில் இந்த இடத்தில் நிற்கும் சொல் ‘ஊழ்’. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ‘ஃபேட்’, ‘டெஸ்டினி’ என்று இரு சொற்களும் புழங்குகின்றன. திருக்குறளில் ஊழுக்கு 38ஆம் அதிகாரம் இருக்கிறது. அதன் வலிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் 62ஆம் அதிகாரமான ஆள்வினை உடைமை, தளராமல் முயல்பவர் ஊழையும் பின்வாங்கச் செய்வர் என்ற கருத்தைச் சொல்கிறது. ஒரே நூல் இரண்டையும் வைத்திருப்பதை முரண் என்று சிலர் கூறுவர். ‘இது நடந்தே தீரும்’ என்று சொல்வதற்கு முன் ‘முயன்று பார்த்தாயா’ என்று கேட்கும் ஒழுங்கு என்றே அதைக் கொள்ளத் தோன்றுகிறது.

இந்த ஒழுங்கு அலுவலகத் தமிழில் இல்லை. “தவிர்க்க முடியாத காரணங்களால் நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது” என்பது ஆங்கில அலுவலகத் தொடரின் நேர்ப்பெயர்ப்பு. காரணம் என்ன என்பதை அது சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதற்காகவே அது இருக்கிறது. பேருந்து பழுது என்றோ, தலைவர் வரவில்லை என்றோ எழுதினால், அது உண்மையிலேயே தவிர்க்க முடியாததா என்று படிப்பவரே முடிவு செய்வார். “வளர்ச்சியின் தவிர்க்க முடியாத விளைவு” என்ற தொடரும் அப்படியே. அதில் செய்பவர் இல்லை.

பழனி மலையின் வரலாறு இத்தொடரை மறுக்கிறது. கொடைக்கானல் ஏரி இயற்கையாகத் தோன்றியதன்று. 1863இல் வியர் லெவிஞ்ச் என்ற அதிகாரியின் முயற்சியால் அணை கட்டி உருவாக்கப்பட்டது. மேட்டுப் புல்வெளிகளை இன்று விழுங்கி நிற்கும் வாட்டில் மரங்கள் தாமாக வந்தவை அல்ல. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் ஒரு முடிவே. ஏரி வந்ததும், புல்வெளி சுருங்கியதும், காடு காக்கப்பட்டதும் யாரோ எடுத்த முடிவுகளால். இவற்றில் எதையும் ஊழின் கணக்கில் எழுத முடியாது. வினைமுதலை மறைத்துவிட்டு ‘தவிர்க்க முடியாத’ என்ற அடைமொழியைப் போட்டால், நாளை எடுக்க வேண்டிய முடிவையும் எடுக்காமல் இருக்கப் பழகிவிடுவோம்.

உண்மையிலேயே தவிர்க்க முடியாத இடத்தில் தமிழுக்குத் தட்டுப்பாடு இல்லை. ‘பௌண்ட் டு’ என்பதற்கு “வராமல் போகாது”, “நடக்காமல் இருக்காது” என்ற இரட்டை எதிர்மறை. ‘இனெவிட்டபிள்’ என்பதற்கு “நடந்தே தீரும்”. ‘சூனர் ஆர் லேட்டர்’ என்பதற்கு “என்றைக்கு இருந்தாலும்”. ‘மேட்டர் ஆஃப் டைம்’ என்பதை நேரத்தின் விஷயம் என்று எழுத வேண்டாம். “இன்றோ நாளையோ என்று இருக்கிறது” என்றால் சாயப் போகும் சுவரே கண்ணில் தெரியும்.

மாணவர்கள் கைக்கொள்ள வேண்டியவை

ஆங்கில உறுதிச் சொல் எதிர்ப்படும்போது அகராதியைத் திறக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். சொல்பவர் கண்டு சொல்கிறாரா, கணக்கிட்டுச் சொல்கிறாரா, ஊகித்துச் சொல்கிறாரா? அவர் உறுதி கூறுகிறாரா, கட்டளை இடுகிறாரா? நிகழ்வைத் தவிர்க்க முடியாதா, தவிர்க்க யாரும் முயலவில்லையா?

விடை கிடைத்தபின் தமிழ் வினையே வழி காட்டும். கண்டதற்கு நேரடி வினை போதும். ஊகத்துக்கு ‘-இருப்பார்’, ‘போல் இருக்கிறது’. வாய்ப்புக்கு ‘-லாம்’, ‘-கூடும்’. தெளிவுக்கு ஏகாரமும் ‘தான்’ என்பதும். முடிவுக்கு ‘-தே தீரும்’. இவை எதுவும் பொருந்தாத இடத்தில் மட்டும் ‘நிச்சயமாக’ என்பதை எழுதலாம். எழுதியபின் அச்சொல்லை நீக்கிவிட்டு வாக்கியத்தை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். பொருள் மாறவில்லை என்றால் அது அங்கே வேண்டாத சொல். நீக்கியதும் வாக்கியம் ஆதாரமின்றித் தள்ளாடுகிறது என்றால், அங்கே சேர்க்க வேண்டியது உறுதிச் சொல் அன்று, ஆதாரம்.